கருவாட்டுப் பாயில் கதைப் புத்தகங்கள்

கிளாலிக் கரையில் வள்ளத்திலிருந்து இறங்கும்போது பெட்டியின் கைப்பிடியை நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஆள் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "விடுங்கோ ரீச்சர், நான் பிடிச்சிட்டன்" என்று மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் "பத்திரம், பத்திரம்" என்று கத்திக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுத்தார். பெட்டி போனது. கூடவே நானும் போனேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. சண்டை ஓய்ந்து, ஜனங்கள் பகல் வெளிச்சத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைக் கடக்க முடிந்த சில மாதங்கள். தூத்துக்குடியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வள்ளத்தில் ஏறிய கால் மணி நேரத்துக்குள் இரண்டு பிள்ளைகளை, "கையை வெளியே நீட்டாதே" என்று அதட்டிவிட்டதால் எல்லோருக்கும் ரீச்சர் ஆகியிருந்தேன். அந்த ரீச்சரை இப்போது நான்கு பேர் சேர்ந்து தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். அதட்டு வாங்கிய இரண்டு பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது.

பெட்டிக்குள் நூற்றுச் சொச்சம் புத்தகங்கள், பெரும்பாலும் கதை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக, தங்களுக்குப் பிடித்ததையே பார்த்துக் கொடுத்தவை. இதற்கெல்லாம் காரணம் குருநகர்ப் பங்குத் தந்தை எங்கள் பள்ளிக்கு எழுதிய கடிதம். தீவுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் சேர, அவர் பங்கில் மீனவப் பிள்ளைகள் கொள்ளையாக இருந்தார்கள். பாடப் புத்தகம் தவிர வேறொன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. கடற்கரையில் சும்மா கிடந்த ஒரு வாடியை, அதாவது வலையும் சாமானும் போட்டுவைக்கும் ஓலைக் கொட்டகையை, அவர் வாசிகசாலை ஆக்கியிருந்தார். இரண்டு தடவை திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, இரண்டு தடவையும் புத்தகம் வந்து சேரவில்லை. "மூன்றாம் முறையும் ஏமாந்தால், பிறகு நான் கூப்பிட்டாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள்" என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திறப்பு. அன்று புதன். பெட்டியின் நான்கு மூலையிலிருந்தும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்காகக் கரையில் காத்திருந்தவர் மரியதாஸ் அண்ணன். ஐம்பது வயது, நெடுநெடு உயரம், பேச்சில் சிக்கனமே கிடையாது. அவருடைய காருக்கு என் அப்பா வயது இருக்கும். முன்மூடியைத் திறந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கிற புட்டியிலிருந்து நான்கே நான்கு சொட்டுப் பெட்ரோலை உள்ளே விட்டார். கார் இருமிக்கொண்டு எழுந்தது.

"பெட்ரோல் இவருக்கு மருந்து, ரீச்சர். சாப்பாடு மண்ணெண்ணைதான்" என்றார். காரை அவர் 'இவர்' என்றுதான் சொல்வார். பிறகு என் சேலையிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பொத்தகங்களும் குளிச்சிட்டுதோ?"

"குளித்துவிட்டன" என்றேன்.

வழியில் ஒரு கடையில் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். சீனி கிடையாது. கையில் ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தார்கள்; ஒரு கடி, ஒரு வாய் தேத்தண்ணீர். எங்கள் பக்கத்தில் கருப்பட்டியைத் தட்டிக் காப்பியில் போட்டுவிடுவோம், வேலை முடிந்தது. இங்கே கடிக்கும் அளவையும் குடிக்கும் அளவையும் ஒன்றாக முடிக்கத் தெரிய வேண்டும். எனக்குப் பனங்கட்டி முதலில் தீர்ந்துபோனது. கடைக்காரர் என் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தார்.

குருநகரில் கோயில் வளவுக்குள் கார் நுழைந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் எண்ணெய் வைத்து வழுவழுவென்று தலைவாரியிருந்தது. பாதர் ஓடி வந்தார். பெட்டியைத் திறந்தோம். நூற்றுச் சொச்சம் புத்தகமும் ஒரே கொழுக்கட்டையாக இருந்தது. அட்டைச் சிவப்பு இறங்கி, நீலம் இறங்கி, எல்லாம் சேர்ந்து ஒரு நிறமாகியிருந்தன.

"இந்த முறையும் இல்லையோ, சுவாமி?" என்று வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் குரலில் கோபமோ அழுகையோ இருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பது போலக் கேட்டது. எனக்கு அந்த இடத்திலேயே மறுபடி தண்ணீருக்குள் விழுந்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார், முழங்கை வரைக்கும் மீன் செதில் மினுங்கியது. பெயர் றோசம்மா. அந்தக் கரையில் கருவாடு போடும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், ஓரத்தை நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"உப்புத் தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னார். "உப்போடை வெயில்லை போட்டால் சென்மத்துக்கும் காயாது. பொழுதுபட்டால் காத்து ஈரத்தை இழுத்துத் திரும்ப நனைஞ்சிடும். முதல் நல்ல தண்ணியிலை கழுவ வேணும்."

"கழுவுவதா?" என்று அலறினேன். "அக்கா, இது புத்தகம்!"

"ஓம் பிள்ளை. அதுதான் சொல்லுறன், கழுவ வேணும்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நானும் பெட்டியை விட்டேன். இந்தத் தடவை கைப்பிடியை உடனே விட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் பத்துப் பேர் அண்டாக்களோடு வந்தார்கள். புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமிழ்த்தி, அலசி, உள்ளங்கையால் அமுக்கி எடுத்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அன்று மாலை றோசம்மா அக்கா வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். இளநீர் வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன். இன்னோர் இளநீர் வந்தது. என்ன உபசாரம் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது மரியதாஸ் அண்ணன் என் காதில் போட்டார்: "இஞ்சத்தைக் கிணறெல்லாம் உப்பு, ரீச்சர். குடிக்கிற தண்ணியைத் தூரத்திலையிருந்து சைக்கிள்ளை கட்டிக்கொண்டு வாறது. இண்டைக்கு இந்த ஒழுங்கையிலை வீடு வீடாய் இருந்த நல்ல தண்ணியெல்லாம் உங்கடை பொத்தகங்கள் குடிச்சிட்டுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இளநீர் மூக்கில் ஏறிவிட்டது.

வியாழக்கிழமை காலை கடற்கரைக்குப் போனேன். மீனவர்களை மறுபடி கடலுக்குப் போக அனுமதித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வருகிற மீனெல்லாம் பச்சையாகவே விற்றுப்போனது. காய வைக்க எதுவும் மிஞ்சவில்லை. கருவாட்டுப் பாய்கள் சுருட்டியபடி கிடந்தன. பெண்களுக்குக் கை துறுதுறுத்தது. பாயை உதறி விரித்த வேகத்தைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்கும்.

றோசம்மா அக்கா மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். ஒரு புத்தகத்தின் முதுகில் வைத்து ஒரே இழுப்பு. தைத்த நூல் அறுந்து, புத்தகம் மூன்று நான்கு கொத்தாகப் பிரிந்து வந்தது.

"முதுகு கீறாமல் காய வைச்சால் நடுவிலை பழுதாய்ப் போம்" என்றார்.

அடுத்ததும் கீறப்பட்டது. அதற்கடுத்ததும். இருபத்தேழு வருடம் பிள்ளைகளைப் புத்தகத்தின் ஓரத்தை மடக்காதே என்று திட்டியவள் நான். ஒரு மணல் மேட்டில் போய் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது! கரை நெடுகப் பாய், பாய் நெடுகக் கதை. காற்றுக்குப் பறக்காமல் மேலே பழைய வலையைப் போட்டு மூடினார்கள். மதியம் ஒரு தரம் புரட்டிப் போட்டார்கள். காக்கைகள் பாயின் வாசத்தை நம்பி வந்து, கொத்திப் பார்த்து, ஏமாந்து, திட்டிவிட்டுப் போயின. ஒரு காக்கை மட்டும் பிடிவாதமாக வலைக்குள் தலையை விட்டு ஒரு தாளைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஐம்பது பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். எண்ணெய்த் தலையெல்லாம் மணல். அந்தத் தாளை அவர்கள் மீட்டு வந்தபோது ஒருவன் எவரெஸ்டிலிருந்து இறங்குகிறவன் போல முன்னால் நடந்தான்.

மதியம் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், புளி, மிளகாய் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பனையோலையைக் குவித்துக் கட்டிய பிளாவில் ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஊரில் கூழ் என்றால் பாவப்பட்ட சாப்பாடு. இது ராஜபோகம். மிளகாய் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்ட, "இன்னும் கொஞ்சம்" என்றேன். "இந்தியா ரீச்சருக்கு ஊத்துங்கோ, அழுது அழுது குடிக்கிறா" என்று ஒரு பெண் சொன்னார். நான்கு பிளா குடித்தேன். இரவுச் சாப்பாட்டில் புட்டும் சொதியும். திருநெல்வேலிச் சீமையில் சொதி கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற விருந்துச் சாமான். இங்கே தினமும் வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நான் பருத்தித்துறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கதை சொல்லுவேன் என்று பாதர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். "நீங்கள் போயிட்டு வாங்கோ. சனிக்கிழமை வரேக்கை எல்லாம் கட்டி முடிச்சிருப்பம்" என்றார் றோசம்மா அக்கா. வலை பின்னுகிற ஊசியும் நைலோன் நூலும் எடுத்து வைத்திருந்தார்கள்.

வல்லை வெளியில் கார் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, சேலையை விட்டால் கையோடு போய்விடும் அளவுக்குக் காற்று. மரியதாஸ் அண்ணன் புட்டியை எடுத்தார். நான்கு சொட்டையும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் நான்கு. அதையும். என் சேலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்தேன். மருந்து முழுவதும் சேலைக்குக் கிடைத்தது.

"இவர் இண்டைக்கு எழும்பமாட்டார்" என்று அவர் காரைத் தட்டிக்கொடுத்தார், கோபப்படவே இல்லை.

வெங்காய மூட்டை ஏற்றிவந்த உழவு மெசின் ஒன்று, எங்கள் ஊர் டிராக்டர், எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டை உச்சியில் உட்கார்ந்து, பெட்ரோல் மணக்க, வெங்காயம் மணக்க, பருத்தித்துறைக்குள் நான் நுழைந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வாசலில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மூட்டை மேலிருந்தே பதில் வணக்கம் வைத்தேன், இறங்கும் வழி தெரியாததால். அன்று நான் சொன்ன கதையைவிட நான் இறங்கிய விதத்தைத்தான் அவர்கள் நெடுநாள் பேசியிருப்பார்கள்.

பருத்தித்துறை வடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். நாங்கள் தட்டை என்போம். ஆனால் நாங்கள் செய்வது இதற்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மகள்தான். ஒரு பொட்டலம் தூத்துக்குடிக்கென்று வாங்கினேன். சனிக்கிழமை காலைக்குள் பொட்டலம் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை மரியதாஸ் அண்ணன் வல்லைக்குப் போய்க் காருக்கு உயிர் கொடுத்துக் கொண்டுவர, வல்வெட்டித்துறை வழியாகத் திரும்பினோம். அங்கே ஒரு தேத்தண்ணீர்க் கடையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இருவர் பேசுவது காதில் விழுந்தது.

"கிளாலியிலை ஒரு ரீச்சர் பெட்டியோடை தண்ணிக்கை பாய்ஞ்சவாவாம்."

"ரீச்சரோ? எதுக்குப் பாய்ஞ்சவா?"

"பொத்தகத்தைக் காப்பாத்தவாம். தண்ணியிலை தாண்டு போகப் பாத்தாவாம், மூண்டு பேர் சேந்து தூக்கினவையாம்."

நான்கு பேர் என்று திருத்தலாமா என்று யோசித்தேன். அதற்குள் மூன்றாவது ஆள், வயதானவர், என்னை நேராகப் பார்த்து, "இந்தியாவோ?" என்றார். ஆமாம், தூத்துக்குடி என்றேன். முதுகைக் காட்டியிருந்த இருவரும் திரும்பினார்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் நாட்டுப் பட்டாளம் இங்கே இருந்துவிட்டுப் போன கதை எனக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"முந்தி உங்கடை ஆக்கள் கொண்டந்த சாமான் வேறை" என்றார் அவர் மெல்ல. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "ரீச்சருக்கு இன்னொரு தேத்தண்ணி குடுங்கோ, பனங்கட்டி பெரிசாய் வையுங்கோ" என்றார்.

பிற்பகல் குருநகர் வாடிக்குள் நுழைந்தேன். சுவர் ஓரமாக அடுக்கிய பலகைகளில் நூற்றுச் சொச்சம் புத்தகமும் நிமிர்ந்து நின்றன! தாள் கொஞ்சம் மொறுமொறுப்பு, ஓரம் கொஞ்சம் நெளிசல், முதுகில் பச்சையும் நீலமுமாக வலை முடிச்சு. வாடி முழுக்க லேசான கருவாட்டு மணம். இரண்டு பூனைகள் ஏற்கனவே உறுப்பினராகியிருந்தன. பெண்கள் கை கட்டி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் றோசம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். தாய்க்கோழி சிறகை விரித்துத் தன் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தது. பக்கத்தைப் புரட்டினேன். மொத்தம் ஒன்பது கோள்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தன.

இன்னொன்றை எடுத்தேன். அட்டையில் யானை, உள்ளே ரசம் வைக்கும் முறை, அதன் பின்னால் ஒரு இளவரசி பாதிக் கல்யாணத்தில் நின்றாள். இன்னொன்று. இன்னொன்று. ஒரு புத்தகம்கூடத் தன் கதையோடு இல்லை.

"அக்கா, இதை எப்படி அடுக்கினீர்கள்?"

"எப்பிடியெண்டால்? பெரிசு சின்னன் பிரிச்சுத்தான். ஒண்டாய்ப் போட்டால் சின்னன் கருகும், பெரிசு புழுங்கும். பெரிய தாள் ஒரு பாய், சின்னத் தாள் ஒரு பாய், தடிச்சது வேறை பாய். பேந்து காஞ்ச பதத்துக்குச் சோடி சேத்துக் கட்டினது."

"எழுத்தைப் பார்க்கவில்லையா?"

"எழுத்தை ஆர் பாத்தது? காயுதோ எண்டெல்லோ பாத்தனாங்கள்!"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. நிறுத்த முடியவில்லை. கோழியும் கோள்களும் கண்முன் சுற்றின. பிறகு றோசம்மா அக்கா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கம் படித்து, அடுத்த பக்கம் படித்தார். அவர் முகம் விழுந்ததைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"பிழைச்சுப் போச்சே, பிள்ளை" என்றார். "அறுத்துத் திரும்பக் கட்டவும் ஏலாது. வலை முடிச்சு அவிழாது, வெட்டத்தான் வேணும். இருந்த நூல் முழுக்க முடிஞ்சுது."

பாதர் வந்து பார்த்தார். நாளை காலை பூசை, பூசை முடிந்தால் திறப்பு. மூன்றாம் தடவையும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. இருப்பதைக் கொடுப்போம் என்று முடிவாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை ஒரு பங்குத் தந்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் சரி என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். வாழ்க்கையில் முதல்முதலாகக் கதைப் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளை, இதைத் தொட்டுவிட்டு, புத்தகம் என்றால் இப்படித்தான் தலையும் காலும் இல்லாமல் இருக்கும் போல என்று கீழே வைத்துவிட்டால்?

ஞாயிறு. வாடி நிரம்பி, வெளியே மணலிலும் ஆட்கள். பாதர் நீளமான உரை ஒன்று எழுதி வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை வாசித்துக் காட்டட்டும் என்று யசிந்தாவைக் கூப்பிட்டார். தீவிலிருந்து வந்து ஒரு பள்ளி மண்டபத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பெண், பதினொரு வயது. கைக்கு வந்த புத்தகத்தை எடுத்தாள். றோசம்மா அக்கா கதவோரத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றார்.

ஒரு ராஜாவுக்குப் பல்வலி. மருந்து கேட்கவில்லை, மந்திரம் கேட்கவில்லை. கடைசியில் வைத்தியர் வந்தார். "'வாயைத் திறவுங்கள் அரசே' என்றார். ராஜா ஆவென்று வாயைத் திறந்தார்" என்று யசிந்தா வாசித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். குரல் ஒரு சிறிதும் மாறவில்லை. "இருபது பெட்டிகள் கொண்ட ரயில் கூவிக்கொண்டே உள்ளே நுழைந்தது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐந்து வருடமாக யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததே கிடையாது. அது ராஜாவின் வாய்க்குள் நுழையாது என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அப்போது பின்னாலிருந்து வலைக்காரக் கிழவர் ஒருவர் தாங்க முடியாமல், "பிறகு?" என்றார்.

யசிந்தா ரயிலை ஒரு குகை வழியாக ஓட்டி, ஒரு பாலத்தில் ஏற்றினாள். அங்கே அந்தக் கொத்து முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் தவளை முட்டையிட்டது.

"ராசாவுக்கு என்ன நடந்தது?" என்று கத்தினான் ஒருவன்.

எல்லோரும் பலகைக்குப் பாய்ந்தார்கள். பெஞ்சுகள் சரிந்தன. பூனைகள் ஓடின. "ராசா என்னட்டை! பல்லுப் புடுங்கினது என்னட்டை இருக்கு!" என்று மூன்றாம் வரிசையில் ஒரு குரல். "பாலத்தாலை றெயில் இறங்கிட்டுதோ? ஆரிட்டை றெயில்?" "இளவரசி வேணுமோ இளவரசி?" வகுப்பில் ஒரு குண்டூசி விழுந்தாலும் பொறுக்காதவள் நான். அந்தச் சந்தை இரைச்சலுக்கு நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் கதையின் மிச்சம் இன்னொருத்தியின் மடியில். அவள் தேடுவதோ வாசலில் நிற்பவனிடம். தனியாக உட்கார்ந்து ஒரு கதையை முடிக்க அந்த வாடியில் ஒருவராலும் முடியாது. குருநகர்ப் பிள்ளைகளும் தீவுப் பிள்ளைகளும் இரண்டு கட்சியாகத்தான் இருந்தார்கள் என்று பாதர் முன்பு சொல்லியிருந்தார். இப்போது எந்தக் கட்சி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாதர் உரையை மடித்து அங்கியின் பைக்குள் வைத்தார்.

மத்தியானத்துக்குள் றோசம்மா அக்காவின் முக்காடு இறங்கிவிட்டது. ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்க அவர் விளக்கிக்கொண்டிருந்தார்: "வேணுமெண்டுதான் அப்பிடிக் கட்டினனான். மீன் பிடிச்சால் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளாளுக்கு ஒரு பங்கு எண்டு பிரிக்கிறேல்லையோ? முழுக் கதையையும் ஒருத்தன் கொண்டு போனால் மற்றவன் என்ன செய்யிறது?" என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேலே தொடர்ந்தார்.

திங்கட்கிழமை நான் புறப்பட வேண்டும். என் அனுமதிச் சீட்டு அன்று மாலையோடு முடிகிறது. கடைசி வள்ளத்தைத் தவறவிட்டால் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும் என்று பாதர் எண்ணிச் சொல்லியிருந்தார். சாமான்களைக் காரில் ஏற்றிவிட்டு மரியதாஸ் அண்ணனைத் தேடினேன். காணோம். வழியனுப்ப வருவதாகச் சொன்ன பிள்ளைகளையும் காணோம். வாடிக்குப் போனேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புத்தகத்துக்குள் விட்டபடி என் சாரதி.

"அண்ணன், நேரமாகிறது."

"ஒரு நிமிசம் ரீச்சர். கள்ளன் தென்னையிலை ஏறிட்டான். கீழை நாய் வந்து நிக்குது. அடுத்த பக்கத்தைப் பாத்தால், எலும்பு முறிஞ்சால் கட்டுப் போடுறது எப்பிடியெண்டு கிடக்கு!" அவர் முகத்தில் உண்மையான கவலை. "அப்ப விழுந்திட்டானோ?"

"வழியில் நான் சொல்லிக்கொண்டே வருகிறேன், எழுந்திருங்கள்" என்றேன். சொல்லிவிட்டு யோசித்தேன். உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் நான் படித்திருக்கவில்லை. அவன் விழுந்தானா இல்லையா என்று எனக்கும் தெரியாது.

"தென்னை மரத்துக் கள்ளன் யாரிடம் இருக்கிறான்?" என்று வாடி அதிரக் கத்தினேன்.

மூலையில் ஒரு சின்னப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏழு வயது இருக்கலாம். "என்னட்டைத்தான். தரமாட்டன். நான் இன்னும் முடிக்கேல்லை."

மரியதாஸ் அண்ணன் அவளுக்கு ஒரு பக்கம் போய் உட்கார்ந்தார். நான் மறு பக்கம். எட்டிப் பார்த்தோம். அவள் கீழ் வரிகளை உள்ளங்கையால் மறைத்துவிட்டாள். பிறகு விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்: "நா... ய்... நாய். வா... லை... வாலை..." அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"வள்ளம் போயிடும் ரீச்சர்" என்று மரியதாஸ் அண்ணன் முணுமுணுத்தார். எழுந்திருக்கவில்லை.

"சும்மா இருங்கள் அண்ணன்" என்றேன். "பிள்ளை வாசிக்கிறாள்."